சூடானதும் அணைந்துவிடும் மாருதி 800: கரண்ட் வருகிறதா என்று எப்படிச் சரியாகப் பார்ப்பது?

எண்ணூறு99 | வெள்ளி, இரவு 9:12

வணக்கம். அப்பாவின் மாருதி 800, 99 மாடல், கார்புரேட்டர் வண்டி. காலையில் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொள்ளும். முக்கால் மணி நேரம் ஓடினால், அதுவும் மதிய வெயிலாக இருந்தால், சாவியைத் திருப்பி நிறுத்தினதுபோல் பட்டென்று அணைந்துவிடும். திக்குவது, இழுப்பது ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகு எத்தனை செல்ஃப் அடித்தாலும் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. பானெட்டைத் திறந்து வைத்து இருபது நிமிடம் நின்றுவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். போன மாதம் மட்டும் வத்தலக்குண்டு – திண்டுக்கல் சாலையில் மூன்று தடவை. அதில் இரண்டு செம்பட்டிக்குப் பக்கத்திலேயே. அங்கே டீக்கடைக்காரர் இப்போது நான் இறங்கியதுமே பால் சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுகிறார்.

இதுவரை மாற்றியது பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோல் பம்ப், மூன்று பிளக். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. "சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது" என்பது மெக்கானிக்கின் தீர்ப்பு. கரண்ட் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு ஒரு பிளக் ஒயரை உருவி, எஞ்சின் தலையிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். சட் சட் என்று வந்தது. "கரண்ட் பிரமாதமா இருக்கு தம்பி" என்று மூடிவிட்டார். ஆனால் அப்போது வண்டி நன்றாக ஆறியிருந்தது. போன ஞாயிறு நானே அப்படிப் பார்க்கப் போய் முழங்கை வரைக்கும் ஒரு உதை வாங்கினேன், இன்னும் அந்த ஒயரைத் தொட யோசனையாக இருக்கிறது. சரியான முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊமைப்பிளக் | வெள்ளி, இரவு 9:40

ரொம்ப யோசிக்காதீங்க ப்ரோ. பிளக்கைக் கழற்றி ஒயரில் மாட்டி, எஞ்சின் தலையில் படுகிற மாதிரி வைத்துச் செல்ஃப் அடியுங்கள். பொறி வந்தால் கரண்ட் இருக்கிறது, இல்லையென்றால் காயில் போச்சு. காயிலை மாற்றுங்கள், முடிந்தது.

பழையடெல்கோ | வெள்ளி, இரவு 10:25

காயில் போச்சு என்று அவ்வளவு சுலபமாக எழுதிவிடாதீர்கள். பொறி வராததற்குக் காயில் ஒரு காரணம், அதைத் தவிர ஏழெட்டு இருக்கிறது. நான் முப்பது வருஷமாக ஆட்டோ எலெக்ட்ரீசியன் வேலை பார்க்கிறேன், நல்ல காயிலைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தம்பி, முதலில் டெல்கோ மூடியை, அதாவது ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே பிளாட்டினம் பாயிண்ட் என்கிற திறந்து மூடும் தொடுமுனை இருக்கிறதா, இல்லை பல் வைத்த ஒரு சின்னச் சக்கரமும் பக்கத்தில் பிக்கப் என்கிற ஒரு குட்டிக் காயிலும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். 99 மாடல் என்றால் எலெக்ட்ரானிக்தான் இருக்க வேண்டும், ஆனால் இத்தனை வருஷத்தில் யாராவது பழைய டெல்கோவைத் தூக்கி மாட்டியிருப்பார்கள், காகிதத்தில் இருப்பதை நம்பக் கூடாது.

எலெக்ட்ரானிக் என்றால் ஒயரை உருவி அந்தரத்தில் பிடிக்கிற வேலையை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் கைக்கு மட்டுமல்ல, வண்டிக்கும் ஆகாது. காயிலுக்குள் இருபது முப்பதாயிரம் வோல்ட் எழும்புகிறது, அது எங்கேயாவது போய்த்தான் தீரும். பிளக் வழியாக எர்த்துக்குப் போக வழி இருந்தால் அதிலே போய்விடும். வழியை அடைத்துவிட்டால் காயிலின் உள்சுற்றைத் துளைத்துக்கொண்டோ, டெல்கோவுக்குள் சுற்றுகிற ரோட்டரைத் துளைத்துத் தண்டுக்கோ, இல்லை திரும்பி, காயிலுக்குப் போகிற கரண்டை விட்டு விட்டு வெட்டுகிற இக்னைட்டருக்கோ பாயும். பாயிண்ட் வண்டியில் அது பெரிய விஷயமில்லை, பாயிண்ட் ஒரு உலோகத்துண்டு, தாங்கிக்கொள்ளும். இக்னைட்டருக்குள் இருப்பது டிரான்சிஸ்டர். நன்றாக இருந்த இக்னைட்டர் சோதனை செய்ததாலேயே செத்துப்போனதை என் பட்டறையிலேயே கண்டிருக்கிறேன்.

எப்படிப் பார்ப்பது என்றால், பழைய பிளக் ஒன்றை எடுத்து அதன் பக்கக் கொம்பை உடைத்து எடுத்துவிடுங்கள். பிளக்கின் இரும்பு உடம்பில் ஒரு ஒயரை இறுக்கி, மறுமுனையில் முதலைக் கிளிப் போட்டு எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இடமாகப் பார்த்துக் கவ்வவிடுங்கள். பிளக் ஒயரை அதில் மாட்டி, கையை எடுத்துவிட்டு, தள்ளி நின்று இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஏன் கொம்பை உடைக்கச் சொல்கிறேன் என்றால், வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டச் செத்த காயிலால்கூட முடியும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு வோல்ட் வேண்டும். கொம்பு இல்லாவிட்டால் நடுக்கம்பியிலிருந்து விளிம்புக்குப் பொறி நீளமாகத் தாண்டியாக வேண்டும், அதைத் தாண்டினால்தான் பலமுள்ள கரண்ட். நீலம் கலந்த வெள்ளையாக, காதில் விழுகிற மாதிரி வெடிக்க வேண்டும். மஞ்சளாக, ஆரஞ்சாக நூல் மாதிரி வந்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பிளக் கழற்றிய ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வரும், கார்புரேட்டர் வாயிலும் இருக்கும். பொறி விழுகிற இடம் அதிலிருந்து தள்ளி இருக்கட்டும். பிளக்கைக் கழற்றவே வேண்டாம், தனிப் பிளக்கை வைத்துப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

குறுக்குவழி_குமாரு | சனி, காலை 7:05

நான் இருபது வருஷமாக ஒயரைக் கையில் பிடித்துத்தான் பார்க்கிறேன், எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, எந்த வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரப்பர் செருப்புப் போட்டால் போதும். சும்மா பயமுறுத்தாதீர்கள் சார்.

பழையடெல்கோ | சனி, காலை 7:50

இருபது வருஷத்தில் எத்தனை வண்டி பாயிண்ட், எத்தனை எலெக்ட்ரானிக் என்று கணக்கு வைத்திருக்கிறீர்களா? செருப்பு கீழே காப்பாற்றும், பானெட் ஓரத்தில் சாய்ந்திருக்கிற வயிற்றை யார் காப்பாற்றுவது? உதை விழுந்து கையை வெடுக்கென்று இழுக்கும்போது ஃபேனில் போய்க் கை மாட்டுவதுதான் பட்டறையில் நடக்கிற நிஜமான விபத்து. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் இந்தப் பக்கமே வரக் கூடாது. உங்கள் கை உங்கள் விருப்பம் குமாரு, ஆனால் இதைப் படித்துவிட்டுக் காலேஜ் பையன் ஒருவன் செய்வான், அதனால்தான் சொல்கிறேன்.

தேவி_கரூர் | சனி, காலை 8:30

சார், கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள், டிஸ்ட்ரிபியூட்டரை ஏன் எல்லோரும் டெல்கோ என்கிறீர்கள்? எங்கள் மெக்கானிக்கும் அப்படித்தான் சொல்கிறார், ஆனால் டப்பாவின் மேல் வேறு பெயர் இருக்கிறது.

பழையடெல்கோ | சனி, காலை 8:52

அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் கெட்டரிங் என்பவர் 1909இல் தொடங்கிய கம்பெனி, டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி, அதன் முதல் எழுத்துகள்தான் டெல்கோ. பேட்டரி, காயில், பாயிண்ட் வைத்துப் பொறி எடுக்கிற ஏற்பாடு அவர் வழியாகத்தான் கார்களில் வந்தது. பாயிண்ட்டுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வைத்ததை 1970களில்தான் அங்கேயே எல்லா வண்டிக்கும் கொண்டுவந்தார்கள், கிரைஸ்லர் 1973இல். போட்டோ காப்பியை ஜெராக்ஸ் என்கிற மாதிரி நமக்கு இது டெல்கோ. எந்தக் கம்பெனி செய்தாலும் டெல்கோதான்.

எண்ணூறு99 | சனி, மாலை 6:15

மூடியைத் திறந்து பார்த்தேன் அண்ணா. பாயிண்ட் இல்லை. மூன்று பல் வைத்த சின்னச் சக்கரம், பக்கத்தில் ஒரு காயில், அதிலிருந்து தலைமுடி மொத்தத்தில் இரண்டு ஒயர்கள் போகின்றன. நீங்கள் சொன்ன மாதிரி கொம்பில்லாத பிளக் செய்து வைத்துப் பார்த்தேன், முதல் சிலிண்டர் ஒயரிலும் மூன்றாவதிலும் நல்ல நீலப் பொறி, சத்தம் வாசல் வரை கேட்டது, அம்மா என்னவோ வெடிக்கிறது என்று எட்டிப் பார்த்தார். இரண்டாவதிலும் அதே. அப்படியென்றால் கரண்ட் சரிதானே? பெட்ரோல் பக்கம்தான் கோளாறா?

பழையடெல்கோ | சனி, இரவு 9:10

ஆறின வண்டியில் பொறி வருவது தெரிந்த விஷயம்தானே தம்பி, அதனால்தானே காலையில் ஸ்டார்ட் ஆகிறது. வலிக்காதபோது டாக்டரிடம் போய் வாயைத் திறந்து காட்டுகிற கதை இது. வண்டி நின்ற இடத்தில், நின்ற நிமிடத்தில், ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். அந்தப் பிளக்கையும் கிளிப்பையும் டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டு வையுங்கள். கூட ஒரு டெஸ்ட் லாம்ப், அதாவது 12 வோல்ட் சின்ன பல்பு, ஒரு பக்கம் கூர்முனை, இன்னொரு பக்கம் கிளிப். மல்டிமீட்டர் இருந்தால் அதுவும்.

நின்றதும் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன், வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, கார்புரேட்டர் வாயைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கம்பியை ஒரு தடவை இழுங்கள். உள்ளே பெட்ரோல் பீச்சியடித்தால் பெட்ரோல் இருக்கிறது, அந்தக் கேள்வி முடிந்தது. மூடியைத் திரும்பப் போட்டுவிடுங்கள், திறந்து வைத்துக்கொண்டு பொறி பார்க்கக் கூடாது.

அப்புறம் டெல்கோ மூடியின் நடுவில் இருக்கிற ஒயரை, காயிலிலிருந்து வருகிறதே, அதை உருவி உங்கள் பிளக்கில் மாட்டிச் செல்ஃப் அடியுங்கள். அங்கே பொறி வந்து பிளக் ஒயர்களில் வரவில்லை என்றால் மூடி, ரோட்டர் இரண்டில் ஒன்று. மூடிக்குள் பென்சிலால் கோடு போட்ட மாதிரிக் கருப்பாக இழை ஓடியிருக்கும், நடுவில் இருக்கிற கார்பன் குச்சி தேய்ந்து உள்ளே போயிருக்கும். மழைக்காலத்தில் அதுதான் முக்கால்வாசி. நடு ஒயரிலேயே பொறி இல்லை என்றால் மூடியைத் திறந்து, செல்ஃப் அடிக்கும்போது ரோட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் டைமிங் பெல்ட் போயிற்று என்று அர்த்தம், செல்ஃப் அடிப்பதை நிறுத்திவிட்டு வண்டியைக் கட்டி இழுத்து வாருங்கள். உங்களுக்கு அது இல்லை, அறுந்த பெல்ட் டீ குடித்தால் ஒட்டாது.

ரோட்டர் சுற்றினால் டெஸ்ட் லாம்ப். கிளிப்பை எர்த்தில் கவ்வவிட்டு, சாவியைப் போட்டுக் காயிலின் பிளஸ் முனையில் கூரை வையுங்கள். எரிய வேண்டும். செல்ஃப் அடிக்கும்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் மங்கலாகும், அணையக் கூடாது. பிறகு காயிலின் மைனஸ் முனை. சாவி போட்டதும் அங்கேயும் எரியும், காயில் வழியாகவே கரண்ட் வந்துவிடும். செல்ஃப் அடிக்கும்போது அது படபடவென்று துடிக்க வேண்டும். துடித்தால் இக்னைட்டர் வேலை செய்கிறது, பிக்கப் வேலை செய்கிறது, கோளாறு காயிலிலோ அந்த நடு ஒயரிலோ. துடிக்காமல் ஒரே சீராக எரிந்தால் இக்னைட்டருக்குச் சேதி வரவில்லை, அல்லது வந்தும் அது எழுந்திருக்கவில்லை. ஒரு சின்ன பல்பு இவ்வளவு சொல்லும். நூறு ரூபாய்ச் சமாச்சாரம்.

ஈரோட்டு_ஓம்னி | ஞாயிறு, காலை 6:40

இடையில் ஒரு சந்தேகம். என் ஓம்னியில் செல்ஃப் அடிக்கும்வரை பொறி இல்லை, சாவியை விடுகிற அந்தக் கணம் மட்டும் ஒரே ஒரு பொறி வருகிறது, சில சமயம் அந்த ஒன்றிலேயே பிடித்தும் கொள்கிறது. இது என்ன கூத்து?

பழையடெல்கோ | ஞாயிறு, காலை 7:20

காயில் பிளஸ்ஸில் செல்ஃப் அடிக்கும்போது லாம்ப் அணைகிறதா பாருங்கள். சாவி ஸ்டார்ட் நிலைக்குப் போகும்போது காயிலுக்குக் கரண்ட் கொடுக்கிற தொடுமுனை உள்ளே தேய்ந்திருக்கும். விட்டதும் பழைய நிலைக்கு வருகிற நொடியில் கரண்ட் கிடைத்து ஒரு பொறி விழுகிறது. இக்னிஷன் சுவிட்ச். இல்லையென்றால் பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது மீட்டரை பேட்டரியில் வையுங்கள், 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பிக்கப் காயிலில் பிறக்கிற சேதியும் சின்னதாகிவிடும், இக்னைட்டருக்கு அது காதில் விழாது.

யாழ்_சாரதி | ஞாயிறு, காலை 10:05

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் பழைய ஜப்பான் கார்கள் கனக்க ஓடுது, சிலதில் காயில், இக்னைட்டர், பிக்கப் எல்லாமே டெல்கோவுக்கு உள்ளேயே இருக்கும், மூடியைக் கழற்றினால்தான் காயிலையே காணலாம். என்ர காரிலும் இதே வருத்தம்தான் இருந்தது, சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும். வீட்டிலேயே அதை வரவழைக்க நான் செய்தது, மனிசியின்ர முடி காயவைக்கிற மெஷினை எடுத்து இக்னைட்டருக்கு மட்டும் சூடு காட்டினது. அஞ்சு நிமிசத்தில் பொறி நின்றது. ஈரத்துணியைச் சுற்றி ஆறவிட வந்தது. அந்த ஒரு சோதனையோடு இக்னைட்டர்தான் எண்டு முடிவாச்சு. கழற்றிப் பார்க்க, அதுக்கு அடியில் பூச வேண்டிய வெள்ளைக் கிரீஸே இல்லை. முன்னம் ஆரோ கழற்றிப் பூட்டேக்க துடைச்சுப்போட்டு விட்டிருக்கினம். அந்தக் கிரீஸ் இல்லாட்டில் சூடு இறங்க வழியில்லை. நல்ல சாமானும் கொஞ்ச நாளில் செத்துப்போகும்.

ஊமைப்பிளக் | ஞாயிறு, காலை 11:30

அப்போ இவருக்கும் இக்னைட்டர்தான். அடித்துச் சொல்கிறேன். வாங்கி மாட்டுங்க ப்ரோ.

பழையடெல்கோ | ஞாயிறு, மதியம் 12:10

நேற்று முன்தினம் காயில் என்று அடித்துச் சொன்னீர்கள். யாழ்ப்பாணத்து நண்பர் சூடு காட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வந்தார், அதைக் கவனியுங்கள். முடி காயவைக்கிற மெஷின் நல்ல யோசனை, நானும் செய்வதுண்டு, ஆனால் பிளாஸ்டிக் மூடிக்குப் பக்கத்தில் வெகுநேரம் காட்டக் கூடாது.

எண்ணூறு99 | புதன், மாலை 4:48

செம்பட்டி டீக்கடையிலிருந்து எழுதுகிறேன். நின்றுவிட்டது, இந்தத் தடவை எனக்குச் சந்தோஷம். இறங்கியதும் முதல் வேலையாகப் பானெட்டைத் திறந்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் பீச்சியது, மூக்கிலே வாசனையும் வந்தது. மூடிவிட்டேன். நடு ஒயரில் பிளக் மாட்டினேன், டீக்கடைப் பையன் செல்ஃப் அடித்தான், பொறி இல்லை. ஒரு துளிகூட இல்லை. ரோட்டர் சுற்றுகிறது. காயில் பிளஸ்ஸில் லாம்ப் எரிகிறது, செல்ஃபிலும் எரிகிறது. மைனஸில் சாவி போட்டதும் எரிந்தது, செல்ஃப் அடிக்கும்போது துடிக்கவே இல்லை, அப்படியே நின்று எரிந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன், துடிக்க ஆரம்பித்துவிட்டது, வண்டியும் பிடித்துக்கொண்டது. பெட்ரோல் பம்ப்புக்குக் கொடுத்த காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

தேவி_கரூர் | புதன், மாலை 5:20

டீக்கடைப் பையனுக்கும் ஒரு டீ சொல்லுங்கள்.

குறுக்குவழி_குமாரு | புதன், மாலை 6:02

சரி, கையில் பிடிப்பதை விட்டுவிடுகிறேன், சந்தோஷமா? ஆனால் இப்போது என் யோசனை, டெல்கோவையே முழுசாகப் பழைய சாமான் கடையில் வாங்கி மாட்டிவிடுங்கள். பிக்கப்பா இக்னைட்டரா என்று மண்டையை உடைக்க வேண்டியதில்லை.

பழையடெல்கோ | புதன், இரவு 9:00

பழைய சாமான் கடையில் இருக்கிற டெல்கோ ஏன் அங்கே வந்தது என்று யோசித்தீர்களா குமாரு? நல்ல வண்டி இடித்து வந்ததாக இருந்தால் அதிர்ஷ்டம், இதே கோளாறில் கழற்றிப் போட்டதாக இருந்தால்? புதுசு என்று விற்கிற போலி இன்னும் மோசம். முதலில் அளந்து பார்ப்போம், காசு செலவில்லை.

தம்பி, நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். காயில் இல்லை, மூடி இல்லை, ரோட்டர் இல்லை, பெட்ரோல் இல்லை. மிச்சம் பிக்கப், இக்னைட்டர், அவற்றுக்கு நடுவில் இருக்கிற ஒயர், இக்னைட்டரின் எர்த். எர்த்தை முதலில் பாருங்கள், திருகு தளர்ந்து துரு பிடித்திருந்தாலும் இதே மாதிரி நடக்கும்.

பிறகு சாவியை எடுத்துவிட்டு அந்த இரண்டு மெல்லிய ஒயரின் சாக்கெட்டைக் கழற்றி, பிக்கப் பக்கம் ஓம்ஸில் அளந்து பாருங்கள். எவ்வளவு காட்ட வேண்டும் என்பது டெல்கோவுக்கு டெல்கோ மாறும், பெரும்பாலும் நூறு ஓமுக்கு மேல் சில நூறுக்குள் இருக்கும். எண்ணைவிட முக்கியம் அது ஆடாமல் நிற்கிறதா என்பது. ஒரு ஒயரிலிருந்து டெல்கோ உடம்புக்கும் அளந்து பாருங்கள், அங்கே எதுவும் காட்டக் கூடாது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடித்தால் அரை வோல்ட் போல ஏதாவது துள்ள வேண்டும். பேட்டரி நேர்மின்சாரம்தானே, ஏசி எப்படி என்று கேட்பார்கள். பல் நெருங்கும்போது ஒரு பக்கம், விலகும்போது மறுபக்கம், காந்தம் தானாகப் பிறப்பிக்கிற சேதி அது, பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதெல்லாம் ஆறின நிலையில் சரியாகத்தான் இருக்கும். அதனால் கடைசியாக ஒன்று செய்யுங்கள். மீட்டர் ஓம்ஸிலேயே இருக்கட்டும். டெல்கோவின் பக்கத்தில் வட்டமாக ஒரு தட்டு இருக்கும், வாக்யூம் அட்வான்ஸ், அதற்கு வருகிற ரப்பர் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் உருவி வாயில் வைத்து உறிஞ்சுங்கள். உள்ளே பிக்கப் உட்கார்ந்திருக்கிற தட்டு கொஞ்சம் திரும்பும், மீட்டரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். வண்டி ஓடும்போதெல்லாம் அந்தத் தட்டு இப்படித்தான் முன்னும் பின்னும் ஆடுகிறது, அதோடு சேர்ந்து அந்த இரண்டு ஒயரும் வளைந்து நிமிர்கின்றன. எத்தனை லட்சம் தடவை ஆடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உறிஞ்சுவதற்கு முன் குழாயின் வாயைத் துடைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் வாடை வந்தால் வேண்டாம், ஊசி போடுகிற சிரிஞ்ச் வைத்து இழுங்கள்.

எண்ணூறு99 | வியாழன், இரவு 8:35

அண்ணா!!!

எர்த் திருகு இறுக்கமாக இருந்தது. பிக்கப் 160 பக்கம் காட்டியது, ஆடவே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாவை மீட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் குழாயை உறிஞ்சினேன். "போச்சுடா" என்றார். மீட்டரில் எண்ணே இல்லை, ஓரத்தில் ஒரு 1 மட்டும். விட்டதும் 160. மறுபடி உறிஞ்சினால் மறுபடி காணோம். ஒரு பத்துத் தடவை செய்து பார்த்தோம், விளையாட்டுச் சாமான் மாதிரி. கடைசியில் அப்பாவும் ஒரு தடவை உறிஞ்சிப் பார்த்தார்.

மூடியை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், முன்பு யாரோ வேலை செய்தபோது அந்த இரண்டு ஒயரையும் சேர்த்து பிளாஸ்டிக் கட்டு ஒன்றை இழுத்து இறுக்கிப் போட்டிருக்கிறார்கள். தட்டு திரும்பினால் ஒயருக்குத் தொய்வே இல்லை, கட்டுப் போட்ட இடத்தில் நரம்பு மாதிரி இழுபடுகிறது. வெளியே ரப்பர் அறுபடவே இல்லை, பார்த்தால் ஒயர் முழுசாகத்தான் இருக்கிறது. இரண்டு விரலால் பிடித்து வளைத்தால் ஒரு இடத்தில் மட்டும் உள்ளே ஒன்றுமில்லாத மாதிரி மெத்தென்று மடங்குகிறது. ஆனால் ஒன்று புரியவில்லை, சூடானால் மட்டும் ஏன்?

பழையடெல்கோ | வியாழன், இரவு 9:15

அந்த மெத்தென்ற இடத்தில்தான் செம்பு அறுந்திருக்கிறது. மேலே இருக்கிற உறை இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆறினபோது உறை விறைப்பு, முனைகள் தொட்டுக்கொண்டே இருக்கும், ஸ்டார்ட் ஆகும். எஞ்சின் சூட்டில் உறை இளகிக் கொடுக்கும், கட்டு வேறு இழுக்கிறது, முனைகள் விலகும், நின்றுவிடும். நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் உறை மறுபடி சுருங்கிவிடும். உறிஞ்சினபோது நீங்கள் சூட்டுக்குப் பதிலாகக் கையால் இழுத்தீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நாளாக நாளாக ஆறின நிலையிலும் நிற்க ஆரம்பித்திருக்கும்.

சரி செய்வது எப்படி என்றால், பிக்கப் தனியாகக் கிடைத்தால் மாற்றிவிடுவது நல்லது. கிடைக்காவிட்டால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நிறைய இழை இருக்கிற மெல்லிய சிலிக்கான் ஒயரைப் போடுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைக்கிற இடம் வளையாத பகுதியில் இருக்க வேண்டும், வளைகிற இடத்தில் ஈயம் வைத்தால் அங்கேயே மறுபடி ஒடியும். இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள், பிளஸ் மைனஸ் திரும்பினால் பொறி விழுகிற நேரம் தள்ளிப்போய்விடும், வண்டி ஓடும், ஆனால் ஏனோதானோ என்று ஓடும். தொய்வு விடுங்கள். தட்டு கடைசி வரைக்கும் திரும்பினாலும் ஒயர் இழுபடக் கூடாது, ரோட்டரிலும் உரசக் கூடாது.

பிக்கப்பைக் கழற்றினால் பல்லுக்கும் அதற்கும் இடைவெளி மறுபடி வைக்க வேண்டும், இந்த வகையில் 0.2இலிருந்து 0.4 மில்லிமீட்டருக்குள். இடைவெளி அளக்கிற இரும்பு ஃபீலர் கேஜ் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும், பித்தளைக் கேஜ் வாங்குங்கள். டெல்கோவையே வெளியே எடுப்பதாக இருந்தால் உடம்பும் எஞ்சினும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு, ரோட்டர் பார்க்கிற திசைக்கு ஒரு கோடு, போனில் ஒரு படம். திரும்ப மாட்டியதும் டைமிங் லைட் வைத்துப் பாருங்கள்.

மலைப்பாதை | வெள்ளி, காலை 6:30

நல்ல இழை. என்னிடம் இருப்பது 2012 மாடல், டெல்கோவே இல்லை, ஒவ்வொரு பிளக் தலையிலும் ஒரு காயில். அதில் இந்த விளையாட்டு எல்லாம் செய்யலாமா?

பழையடெல்கோ | வெள்ளி, காலை 7:10

செய்யாதீர்கள். அதில் காயிலைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடித்தால் இன்ஜெக்டர் பாட்டுக்குப் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும், அது எரியாமல் சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கும். முதலில் பெட்ரோல் பம்ப் ஃப்யூஸையோ இன்ஜெக்டர் சாக்கெட்டையோ கழற்ற வேண்டும். மூன்று நான்கு காயில் ஒரே நேரத்தில் சாகாது, எல்லாப் பிளக்கிலும் பொறி இல்லை என்றால் கிராங்க் சென்சார் பக்கம் சந்தேகப்படுங்கள், உங்கள் வண்டியில் பிக்கப்புடைய வேலையைச் செய்வது அதுதான். ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடித்தால், அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள், மிஸ்ஸும் கூடவே போனால் காயில், அங்கேயே நின்றால் பிளக்கோ இன்ஜெக்டரோ. இதற்கு ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போவது மேல்.

எண்ணூறு99 | அடுத்த செவ்வாய், இரவு 10:02

பிக்கப் தனியாகக் கிடைக்கவில்லை, ஒயர்தான் மாற்றினோம். திண்டுக்கல்லில் ஒரு ரேடியோ கடைக்காரர் பொறுமையாகப் பற்றவைத்துக் கொடுத்தார், கூலி எண்பது ரூபாய். உறிஞ்சிப் பார்த்தாயிற்று, 160 அசையவில்லை. டைமிங் பார்த்தாயிற்று. நேற்று மதியம் நல்ல வெயிலில் கிளம்பி கொடைக்கானல் ஏறி இறங்கி வந்தோம், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வருகிற வழியில் செம்பட்டியில் நானாகவே நிறுத்தினேன். அவர் பானெட்டைப் பார்த்தார், நான் திறக்கவில்லை, "என்னாச்சு தம்பி" என்றார்.

எல்லோருக்கும் நன்றி. முக்கியமாக அண்ணாவுக்கு. ஒரு விஷயம், மெக்கானிக் கழற்றிக் கொடுத்த பழைய பெட்ரோல் பம்ப் வீட்டில் கிடக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை என்று இப்போது தெரிகிறது. ஈரோட்டு ஓம்னி அண்ணா, உங்களுக்கு வேண்டுமா?

ஈரோட்டு_ஓம்னி | அடுத்த செவ்வாய், இரவு 10:20

எனக்கு இக்னிஷன் சுவிட்ச்தான் போயிருந்தது, மாற்றிவிட்டேன். பம்ப்பும் அனுப்புங்கள், கிடக்கட்டும். கூரியர் காசு என்னுடையது.